சொல்லும் பொருளும்: குழலில் பிறந்த சொல்

மோட்டார் வண்டியைத் தூக்கி நிறுத்தும் பொறி, மண்ணை வாரிக் கொட்டும் இயந்திரம், காரின் தடுப்பு ஆகியவற்றை ‘ஹைட்ரோலிக்’ என்னும் ஒரே அடைமொழியால் வழங்குகின்றோம். நீரால் இயங்குவது என்பதே அதன் பொருள் என மாணவர் பலர் மனனஞ் செய்துள்ளனர். ஆயின், இப்பொறிகளைத் திறந்து பார்ப்பின் அங்கே நீரைக் காணோம். எண்ணெயோ அதனையொத்த வேறு திரவமோதான் உண்டு. நீரில்லாப் பொறிக்கு நீரின் பெயர் வந்தது எங்ஙனம்?

கிரேக்க மொழியில் ‘ஹுடோர்’ என்பது நீர். ‘அவுலோஸ்’ என்பது குழல். இரண்டும் சேர்ந்து நீர்க்குழல் எனப் பொருள்படும். தமிழில் இசைக்கும் குழலும் நீரோடும் குழாயும் ஓரினச் சொற்களாக நிற்பதை நாம் அறிவோம். இங்கே முதலில் நின்றது எது? இசைக்குழலே என்பது வியப்புக்குரியது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியா நகரில் தெசிபியசு என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவர் ஒரு நாவிதரின் மைந்தர் என்பர். பல குழல்களை வரிசையாக நிறுத்திக் காற்றால் ஒலிக்கச் செய்யும் இசைக்கருவியொன்றை அவர் ஆக்கினார். நீருள் கவிழ்த்த கலத்தினுள்ளே காற்றைச் செலுத்தினால், அங்கிருந்த நீர் வெளியேறிக் கலத்தைச் சூழ உயரும். அந்நீரின் பாரம் உள்ளிருக்கும் காற்றை ஓயாது அமுக்குவதால் குழல்களுக்குக் காற்று ஒரே சீராய்ச் செல்லும். இக்கருவியே ‘ஹைட்ராவுலிஸ்’. கி.பி. 228ஆம் ஆண்டைச் சேர்ந்த இத்தகைய கருவியொன்றின் சிதைவுகள் 1931இல் புடாபெஸ்ட் நகரிலே கண்டெடுக்கப்பட்டன. கருவியின் பெயர் இலத்தீன் வழியே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, குழாய்வழி நீரைச் செலுத்தும் கலைக்கும் ஆகிவந்தது.

அக்கலைக்கு ஆற்றல் தந்தவர் பிரான்சு நாட்டுப் பாஸ்கல். மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது ஓரிடத்தில் இடும் அமுக்கம் எத்திசையிலும் குன்றாது பரவும் என்று அவர் கண்டார். அவர் இறந்தபின், 1663இல் அந்நூல் வெளியாயிற்று. ஒரு சதுர அங்குலப் பரப்புள்ள முசலத்தை 10 இறாத்தல் விசையால் அமுக்கினால், 50 சதுர அங்குல முசலம் 500 இறாத்தலைத் தாங்கும். ஆனால், சிறியது 50 அங்குலம் இறங்கினாற்றான் பெரியது ஓர் அங்குலம் உயரும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. இத்தத்துவத்தைக்கொண்டு யோசேப்பு பிரமா என்னும் ஆங்கிலேயர் 1795இல் அமுக்கப்பொறிக்கு உரிமம் பெற்றார்.

அந்நாளில் இப்பொறிகளை இயக்கியது மெய்யாகவே நீர்தான். 1894இல் திறக்கப்பட்ட இலண்டன் கோபுரப் பாலத்தின் தட்டுகளை உயர்த்தியதும் நீரின் அமுக்கமே. ஆனால் நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், குளிரில் உறையும், உராயும் உறுப்புகளுக்கு வழுவழுப்பும் தராது. ஆதலால் எண்ணெய் மெல்ல மெல்ல அதனிடத்தைப் பிடித்தது. கோபுரப் பாலமும் 1976 முதல் எண்ணெயால் இயங்குகின்றது. பொருள் மாறிற்று, பெயர் மாறவில்லை.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. பெயரை நம்பித் தடுப்புத் திரவத்தில் நீரைக் கலப்பவன் உயிரோடு விளையாடுகின்றான். தடுப்புகள் சூடேறும்போது அந்நீர் கொதித்து ஆவியாகும். திரவம் அமுக்கத்துக்குச் சுருங்காது, ஆவியோ சுருங்கிவிடும். அப்போது மிதியை எத்துணை மிதித்தும் விசை சக்கரத்தை எட்டாது.

நம் மொழியிலும் ‘ஹைட்ரோலிக்’ என்பதை ‘நீரியல்’ என்கின்றோம். மழை, ஆறு, நிலத்தடி நீர் ஆகியவற்றை ஆராயும் துறைக்கும் அதே பெயர் வழங்குவதுண்டு. இதனால் மாணவர் மயங்குவது இயல்பே. திரவத்தின் அமுக்கத்தால் இயங்குவது என்று விளக்கிச் சொன்னால் அம்மயக்கம் தீரும். சொல்லின் பிறப்பு அஃது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும். இன்று அதனுள் என்ன இருக்கின்றது என்பதைப் பொருளை நோக்கியே அறிதல் வேண்டும். மாணவர் இரண்டையும் கற்பாராக.