அளவுகோல் கோணினால்...

அமெரிக்கா சென்று பணிபுரிய விழையும் மாணவர் நம்மிடையே பலர். அங்குள்ள நிறுவனம் ஒன்று வேலை தர முன்வந்து, எச்-1பி விசாவுக்கு மனுச் செய்கிறது. குடியேற்ற அலுவலகம் அம்மனுவைத் தள்ளிவிடுகிறது. உடனே, ‘தகுதி போதவில்லை போலும், தலையெழுத்து!’ என்று வாய்மூடிக் கொள்கிறோம். இது முறையா, நண்பர்களே?

கணக்கைப் பார்ப்போம். புதிதாக வேலையில் சேர்வோருக்கான மனுக்களில், 2015ஆம் நிதியாண்டில் நூற்றுக்கு 6 தள்ளப்பட்டன. 2018இல் 24! 2021இல் மீண்டும் 4. தகுதியை வகுத்த சட்டம் இடையில் மாறவில்லை. நம் இளைஞரின் மூளைதான் மூன்றாண்டு மழுங்கிப் பின் மூன்றாண்டில் கூர்மை பெற்றதோ? இல்லை, அலுவலகத்தின் அளவுகோல் கோணிற்று. அதற்குப் பொருளைக் குறை கூறலாமா?

இன்னோவா சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனம் இந்தியர் ஒருவருக்காகச் செய்த மனுவும் இவ்வாறே தள்ளப்பட்டது. கணிப்பொறி நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் பட்டதாரிகள் என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் கையேடு கூறுகிறது. சிலர் பட்டமின்றியும் சேர்வதுண்டு என்பதைப் பற்றிக்கொண்டு, ‘பட்டம் இவ்வேலைக்கு வழக்கமான தேவையன்று’ என்றது அலுவலகம். பெரும்பாலோரிடம் இருப்பது வழக்கம் அன்றி வேறென்ன? நிறுவனம் வழக்காடிற்று. 2020 டிசம்பரில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மறுப்பைத் தான்தோன்றித்தனமானது என்று தீர்த்தது.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. மனு நிறுவனத்துடையது, முறையிடும் உரிமையும் பொதுவாக அதற்கே. காலமோ குறுகியது: முடிவு அளித்த 30 நாட்களுக்குள், அஞ்சலில் அனுப்பியிருப்பின் 33 நாட்களுக்குள், மறுபரிசீலனையோ மேல்முறையீடோ கோர வேண்டும். நிறுவனம் சோம்பினால் வாழ்வு இழப்பவர் நாமே. ஆகவே மறுப்புக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குக. காரணங்களை ஒவ்வொன்றாய்ப் படித்து, ஒவ்வொன்றுக்கும் சான்று திரட்டுக. நாள் கடக்குமுன் நிறுவனத்தை வற்புறுத்துக. வேலைக்கு ஒப்புமுன்பே, ‘மனு தள்ளப்பட்டால் முறையிடுவீர்களா?’ என்று கேட்பது இன்னும் நன்று.

மறுப்பெல்லாம் தவறென்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் விடை பொருந்தாவிடில் நம் கணக்கைச் சரிபார்க்கிறோம், கருவியையும் சோதிக்கிறோம். அந்த அறிவியல் பழக்கம் அரசு அலுவலகத்தின் கடிதத்தைக் கண்டதும் ஏன் நம்மை விட்டு ஓட வேண்டும்? இவ்வழியே சென்று வென்ற மூத்த மாணவரை அழைத்து, இளையோருக்கு வழிகாட்டச் செய்வது நம் சங்கத்தின் கடமை.

தவறான மறுப்புக்குத் தலைகுனிவது பணிவன்று. அத்தவறுக்கு நாமும் துணைபோவதாகும்.