முடக்கில சத்தம் வந்தா உடனே சொக்கை மாத்தாதீங்க

கார் நிக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற ஒரு வசனம் இருக்கு. "திருப்பேக்க ஏதோ சத்தம் வருது, கராஜில ஒருக்காக் காட்டோணும்." இந்த "ஏதோ" என்ற ஒரு சொல்லுக்குத்தான் நாங்கள் ஆயிரக்கணக்கில் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

"ஏதோ சத்தம்" என்று சொல்லி வாகனத்தை விட்டுட்டு வந்தால், நல்ல மெக்கானிக் தானே ஓடிப் பார்த்து, ஜக் அடிச்சு, சில்லை ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார். அவசரக்கார ஆள் முன் சொக் ரெண்டையும் மாத்திவிடுவார். சத்தம் நிக்காட்டி அடுத்த கிழமை இன்னொரு சாமான். ஊகம் அவருடையது, காசு எங்கட. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுத்துது. ஆகவே பலருக்கு இருக்கிற பழைய காரோடுதான் இன்னும் கன வருசம். அதை ஊகத்தில் திருத்திக் கட்டுப்படியாகாது.

இவ்வளவுக்கும் சத்தத்தைச் சொல்வதற்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. கடகட, கிறீச், நறநற, ங்ஙொய் என்று பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி படிச்சதும் படிக்காததுமாக எத்தனை! கராஜில் போய் அதைச் சொல்ல மட்டும் எங்களுக்கு வெக்கம். மெக்கானிக்குக்கு வேண்டியதே அதுதான்: என்ன மாதிரிச் சத்தம், எப்ப வருது, எந்தப் பக்கம் திருப்பேக்க.

"டக் டக் டக்" என்று, ஸ்ரியறிங்கை நல்லா ஒடிச்சுக்கொண்டு அக்சிலேற்றரை மிதிக்கேக்க வருகுதா? சில்லு சுத்துற வேகத்தோடு சத்தமும் கூடுதா? முன் சில்லு இழுக்கிற கார் என்றால் (இங்கே ஓடுகிற சின்னக் கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான்) முதல் சந்தேகம் சி.வி. ஜொயின்ட். எஞ்சினின் இழுவையைத் திரும்புகிற சில்லுக்குக் கொண்டுபோகிற மூட்டு அது. உள்ளே உருளுகிற குண்டுகள், சுத்திவரக் கிறீஸ், அதை மூடி ஒரு றப்பர் உறை. உறை கிழிந்தால் கிறீஸ் வெளியே வீசுப்படும், மணலும் தண்ணியும் உள்ளே போகும். மிச்சத்தை மணல் பார்த்துக்கொள்ளும். ஒரு வெறுங்காணியில் ஸ்ரியறிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் அடிச்சுப் பாருங்கோ, பிறகு மற்றப் பக்கம். இடப்பக்கம் திருப்பேக்க சத்தம் என்றால் பெரும்பாலும் பழுது வலப்பக்கத்து ஜொயின்ட். வெளியில் ஒராள் நின்று கேட்டால் இன்னும் நல்லம். ஆனால் அதற்கும் முதல், குனிந்து சில்லுக்கு உள்பக்கம் பார்த்தாலே போதும்; கிறீஸ் தெறிச்சிருந்தால் கதை விளங்கும். உறை மட்டும் கிழிஞ்ச நேரத்தில் புது உறையும் கிறீஸும் போட்டால் ஜொயின்ட் தப்பும். டக் டக் தொடங்கிய பிறகு உறை மாத்துவது செத்தவருக்கு மருந்து குடுக்கிற அலுவல்.

"ஊ..." என்ற இரைச்சல், வேகத்தோடு கூடி, ஓடுபாதையில் வலப்பக்கம் வளையேக்க பலமாகி, இடப்பக்கம் வளையேக்க குறைந்தால் அது சில்லுப் பெயறிங். வலப்பக்கம் வளையேக்க பாரம் இடப்பக்கம் சாயும், ஆகவே சந்தேகம் இடப்பக்கத்தில்.

நிக்கிற காரில் ஸ்ரியறிங்கைத் திருப்பேக்க முனகினால் பவர் ஸ்ரியறிங் ஓயிலைப் பாருங்கோ. கொறொல்லா 110 மாதிரிப் பழசுகளுக்குத்தான் இது. விற்ஸ், அக்குவா எல்லாம் மோட்டரால் திரும்புகிறவை, அதில் ஓயிலே கிடையாது. அதுக்கும் "ஓயில் மாத்தோணும்" என்று ஆராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வாங்கோ. முழுசா ஒடிக்கேக்க மட்டும் ரயர் உரசினால், ரயரின் அளவு பிழையோ, உள் பிளாஸ்ரிக் கழண்டு தொங்குதோ என்று பார்க்கலாம்.

நான் பயப்படுகிற சத்தம் இவை ஒன்றுமில்லை. முடக்கிலும் பள்ளத்திலும் "கிறீச்" அல்லது "டொக்" என்று கேட்கிற போல் ஜொயின்ட். சில்லைத் தாங்குகிற மூட்டு அது. தேய்ந்து கழண்டால் சில்லு மடிஞ்சு, கார் சொல்வழி கேட்காது. இதை ஒரு நாளும் ஒத்திப்போட ஏலாது.

இந்த இடத்தில்தான் எனக்கு அரசாங்கத்தோடும் ஒரு கோவம். வருசா வருசம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வரிசையில் நின்று புகைப் பரிசோதனை செய்கிறோம். லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கினம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வீட்டுக் காரின் சில்லு ஆடுதா என்று கேட்க ஒருத்தரும் இல்லை. புகை பார்க்கிற அதே இடத்தில் ஒரு ஜக்கும் ஒரு அலவாங்கும் வைத்துக்கொண்டு, முன் சில்லு ரெண்டையும் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு விடலாம்.