இந்திரன் பட்டணத்தில் மழை ஏன் இல்லை?

மழைக்கு அதிபதி இந்திரன் என்றும், அவனுடைய பட்டணத்துக்கு அமராவதி என்று பெயர் என்றும் புராணிகர்கள் சொல்லுகிறார்கள். நமது திருப்பூர் ஜில்லாவில், உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில், அதே பெயருள்ள ஆற்றின் அணைக்கட்டுப் பக்கம் அமராவதி நகர் என்று ஓர் ஊர் இருக்கிறது. மழைத்தெய்வத்தின் பட்டணப் பெயரையே தரித்துக்கொண்ட இவ்வூரில் ஆனி, ஆடி மாதங்களில் நின்று பார்த்தால் தெரிவதென்ன? மலை உச்சியில் கறுத்த மேகம். தலைக்கு மேலே ஆளைத் தள்ளுகிற காற்று. காலடியில் புழுதி.

இதற்குக் காரணம் கேட்டால் நமது பெரியவர்கள் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். மாதம் மும்மாரி பெய்யுமாம். வேதம் ஓதுகிறவருக்காக ஒன்று, நீதி தவறாத அரசனுக்காக ஒன்று, பத்தினிப் பெண்களுக்காக ஒன்று. பெய்யாவிட்டால் யாரோ பாவம் செய்துவிட்டார்கள் என்று அர்த்தமாம். உடனே கொடும்பாவி கட்டி இழுக்கவேண்டியது. கழுதைக்குக் கல்யாணம் செய்துவைக்கவேண்டியது. ஆக, வானம் காய்ந்தால் குற்றவாளி கீழே இருக்கிற மனிதன். அதிலும் முக்கியமாகப் பெண்!

சரி, இந்தக் கணக்கு உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க அதிகச் செலவு ஆகாது. உடுமலையிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் வாங்கினால் போதும். ஆடி மாதத்தில் ஏறி உட்காருங்கள். சின்னாறு வரையில் முள்ளுக்காடும் கள்ளியும்தான். மறையூரில் சந்தன மரம். அங்கேயும் மழை கொஞ்சந்தான். அதற்கு மேலே ஏறி மூணாற்றை அடைந்தால் குடையை மடக்க முடியாது. முழுத் தூரமும் சுமார் 90 கிலோமீட்டர்தான். இதற்குள்ளாகப் பாவிகள் எல்லாம் மலைக்கு இந்தப் பக்கமும், புண்ணியவான்கள் எல்லாம் அந்தப் பக்கமும் குடியேறிக்கொண்டார்களா? வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நமது சமவெளியில் 600, 700 பெய்தால் நல்ல வருஷம். வால்பாறைப் பெண்கள் தாராபுரத்துப் பெண்களைவிட ஐந்து மடங்கு பத்தினிகள் என்று சொல்ல எந்தப் பண்டிதருக்காவது துணிவு உண்டா? உலகத்திலேயே அதிகமாக, வருஷத்துக்குச் சுமார் 11,800 மில்லிமீட்டர் பெய்கிற மௌசின்ராம் மேகாலயத்தில் காசி மக்களின் ஊர். அங்கே வேதமும் இல்லை, யாகமும் இல்லை.

நிற்க. உண்மைக் காரணம் என்னவென்றால், காற்றும் மலையும்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. குறுக்கே ஆனைமலைத் தொடர் நிற்கிறது; அதில் ஆனைமுடி மட்டும் 2,695 மீட்டர். மோதிய காற்று மேலேதான் ஏறியாகவேண்டும். ஏற ஏற விரிந்து, 1,000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் ஈரம் நீராவியாக நிற்க முடியாமல் மேகமாகிறது, மழையாகக் கொட்டுகிறது. குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே காரியந்தான். அதை யாரும் வருண பகவானின் கருணை என்று சொல்வதில்லை. சரக்கை மேற்கே இறக்கிவிட்ட காற்று நமது பக்கம் கீழே இறங்கும்போது, அழுந்திச் சூடேறி, இருக்கிற மேகத்தையும் கரைத்துவிடுகிறது. இதைத்தான் மழை மறைவுப் பிரதேசம் என்பது.

பாலக்காட்டில் மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறதே, அதன் வழியாக ஈரம் வராதா என்று சிலர் கேட்கலாம். வரத்தான் வருகிறது, பொள்ளாச்சிப் பக்கம் சாரலும் உண்டு. ஆனால் ஏற்றிவிட மலை இல்லாத இடத்தில் காற்று ஈரத்தைக் கையோடு கொண்டுபோய்விடுகிறது. அந்தக் காற்று உடுமலை, பல்லடம் பக்கங்களில் காற்றாலைகளைச் சுற்றுகிறது, மழையைத் தருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வங்கக் கடலிலிருந்து வந்து நமக்குப் பெரும்பங்கு கொடுக்கிறது. அதுவும் கடற்கரை ஜில்லாக்கள் குடித்து மிஞ்சியதுதான்.

இதெல்லாம் இன்றைக்குக் கண்டுபிடித்த இரகசியமல்ல. சூரிய வெப்பம் காற்றை எப்படி ஓட்டுகிறது என்று ஹாலி என்ற ஆங்கிலேயர் 1686-லேயே படம் போட்டு எழுதினார். அப்படியிருக்க, 2019-ல் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது, நமது அறநிலையத் துறை கோவில்களில் யாகமும் வருண ஜபமும் நடத்தும்படியும், மழைக்கென்று ராகங்கள் வாசிக்கும்படியும் சுற்றறிக்கை அனுப்பிற்று. மந்திரிகளும் யாகத்தில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்டு மாதம் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. நமக்கு ஒரு வருஷத்துக்குக்கூட அவ்வளவு இல்லை. யாகத்தின் பலன் என்பார்களானால், சென்னை கேட்ட தண்ணீரை நீலகிரியில் கொட்டியது என்ன தபால் இலாகாவோ தெரியவில்லை!

மலை தடுத்ததை மனிதன் திருப்பிக் காட்டியிருக்கிறான் என்பதைத்தான் நமது ஜனங்கள் கவனிக்கவேண்டும். அமராவதி அணை 1957-ல் முடிந்தது. அதன் பிறகு பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில், மேற்கே ஓடிக் கடலில் விழ இருந்த சோலையாற்று நீரை அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து, கால்வாய் வெட்டி, திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீர்தான் உடுமலை, பல்லடம், காங்கயம் காடுகளில் பாய்கிறது. மேற்குப் பக்கத்து மழை கிழக்கே வந்தது ஜபத்தால் அல்ல. கூலிக்காரன் கைக் கடப்பாரையாலும் இஞ்சினீயர் கணக்காலும்.

ஆனால் பாசனத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்தே கொடுக்கிறார்கள். கடைமடைக்காரனுக்கு வாய்க்கால் காய்ந்தே கிடக்கிறதென்றால், அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் இந்திரன் அல்ல, நாம் ஓட்டுப் போட்ட சட்டசபை அங்கத்தினர். வாய்க்காலில் எவ்வளவு கசிகிறது, வழியில் யார் திருடுகிறார்கள், மலையில் சோலைக்காடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேட்கவேண்டியதை விட்டுவிட்டுக் கழுதைக்குத் தாலி கட்டினால், அதிகாரிகளுக்கு அதைவிடச் சௌகரியம் வேறு என்ன?

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றை, மரமும் சுவரும் மறைக்காத வெட்டவெளியில் வையுங்கள். ஜூன் முதல் தேதியிலிருந்து தினம் காலை எட்டரை மணிக்கு, விழுந்த நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வால்பாறை, அமராவதி நகர், தாராபுரம் மூன்று ஊர்த் தோழர்களும் எழுதியனுப்பினால், வாராவாரம் பக்கத்தில் பக்கமாகப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.