பெரிய ஸ்பீக்கர் தேவைதானா?

முத்தாபுதுப்பேட்டை மளிகை நண்பர் ஒருவர், தெருத்தெருவாகச் சரக்கு விற்கும் மோட்டார் சைக்கிளில் சிறிய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பெரிய ஜோடியை மாட்டினார். இரண்டே வாரத்தில் பேட்டரி படுத்துவிட்டது. ஆம்ப்ளிஃபையர் சக்தியை இரட்டித்தாலும் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். பாரம் ஏற்றுமுன் தராசு தாங்குமா என்று பார்க்கிறவர்கள் அல்லவா நாம்!

நிற்க. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல், இரவில் 45. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதியும் வேண்டும். வெங்காயம் விற்கும் குட்டியானைக்காரர் கத்திவிட்டு அடுத்த ஊர் போய்விடுவார். நாமோ நாளைக்கும் அதே தெருவில் கடை திறக்க வேண்டியவர்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தாயார் ஒருவர், நண்பரிடம் பல வருடமாக வைத்திருந்த மாதக் கணக்கை முடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். இப்போது வண்டியில் பழைய மணிதான் அடிக்கிறது.