அம்பாசடருக்கு மாலை, பிக்கப்புக்குக் காயலான் கடையா?

பழைய கார் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் கூட்டம் கூடிவிடும். மோரிஸ், ஆஸ்டின், ஃபியட், அம்பாசடர் என்று வரிசையாக நிற்கும். பானட்டில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அத்தனை பளபளப்பு! ஆனால் அந்த வரிசையில் ஒரு பழைய பிக்கப் வண்டியைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. புளி மூட்டையும் தக்காளிக் கூடையும் சுமந்த வண்டிக்கு மாலை போட யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றாததுகூடப் பரவாயில்லை, சட்டத்துக்கும் தோன்றவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், பழைய பிக்கப் என்றால் எது? 2005-ல் டாடா ஏஸ் வந்து 'குட்டி யானை' என்று பெயர் வாங்கியது. அதற்கு முன்பு 1988-ல் டாடாமொபைல் வந்தது. ஆனால் அவை எல்லாம் பேரன் வயது. தாத்தா வயது வண்டி என்றால் அது மகிந்திராதான். 1947-ல் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கி பம்பாயில் பூட்டத் தொடங்கிய நிறுவனம், 1960-களில் எஃப்.சி. என்ற மூக்கில்லாத வண்டியையும் செய்தது. 'ஃபார்வர்டு கன்ட்ரோல்' என்பதன் சுருக்கம்தான் எஃப்.சி. டிரைவர் முன் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். பின்னால் முழுக்க சரக்குக்கு இடம். பார்த்தால் தலை பெருத்த பொம்மை மாதிரி இருக்கும் :) கூடவே பஜாஜ் டெம்போவின் மேட்டடார், சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஸ்டாண்டர்டு 20 என்று சில உறவினர்கள் உண்டு.

தர்மபுரி மாவட்டத்துக்கும் இந்த வகை வண்டிக்கும் பொருத்தம் அதிகம். பாலக்கோட்டுத் தக்காளி, அரூர்ப் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, பென்னாகரத்துப் புளி, சீசனில் மாங்காய். எல்லாம் காட்டிலிருந்து மண் பாதையில் மார்க்கெட்டுக்கு வர வேண்டியவை. பெரிய லாரி தோப்புக்குள் நுழையாது. மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு வண்டி தேவைப்பட்டது, அந்த இடத்தை நிரப்பியது பிக்கப். இன்றைக்கும் சில வீடுகளின் களத்து ஓரத்தில், தென்னை ஓலை மூடிய நிலையில் இப்படி ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். கோழி முட்டையிடும் இடமாக!

அதை எடுத்து வீட்டிலேயே சரிசெய்ய ஒருவர் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடியுமா? முடியும். இன்றைய வண்டியைவிடச் சுலபமாகவே முடியும்.

எஃப்.சி.150-ல் இருந்த வில்லிஸ் 'ஹரிக்கேன்' இன்ஜின் நாலு சிலிண்டர், 2.2 லிட்டர் பெட்ரோல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்லெட் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும். ஆகவே டாப்பெட் இடைவெளி சரிபார்க்க மேல் மூடியையும் கழற்ற வேண்டும், பக்க மூடியையும் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் சிக்கல். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, ஸ்கேனர் மாட்ட வேண்டியதில்லை. கார்புரேட்டர், காயில், பாயிண்ட் செட், கண்டன்சர். நெருப்பு வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்ற இரண்டு கேள்வியில் பாதி நோய் தெரிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய வில்லிஸ் வழி வண்டிகளின் போல்ட் நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பிறகு உளிதான்.

வேலையின் பெரும்பகுதி இன்ஜினில் இல்லை, தகரத்தில்தான் இருக்கிறது. துரு! கேபின் தரை, கதவின் அடிப்பாகம், டிரேயின் மூலைகள் எல்லாம் அரித்திருக்கும். டிங்கரிங் வேலை தெரிந்தவர் அரித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பார். அவசரக்காரர் அதன் மேலேயே பட்டி பூசி பெயிண்ட் அடிப்பார். ஆறு மாதத்தில் பெயிண்ட் கொப்புளித்து உண்மை வெளியே வரும். கமான் பட்டைகளைக் கழற்றித் துரு சுரண்டி கிரீஸ் வைத்து, உடைந்த பட்டையை மட்டும் மாற்றினால் போதும். கிடைக்காத புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். மற்ற சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. ரோடு என்று அலைய வேண்டியிருக்கும். தர்மபுரிக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம்.

வீட்டில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜீப் வழி வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்காது, நடுவில் ஓடும் ஷாஃப்டைப் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும்! காரணம் டிஃபரென்ஷியல். தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், தரையில் உள்ள சக்கரத்தைப் பிடிக்க ஆள் இல்லை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல், ஸ்டாண்டு வைக்காமல், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது தைரியம் இல்லை. இன்னொன்று பெட்ரோல் டேங்க். காலியாக இருக்கிறது என்று நினைத்து வெல்டிங் வைக்கக் கூடாது. உள்ளே நிற்கும் ஆவியே வெடிக்கப் போதும். ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிட வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1960-களின் ரப்பரும் கார்க் கேஸ்கட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சரி, இவ்வளவும் செய்து வண்டி உறுமி எழுந்துவிட்டது. அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ். இங்கேதான் கதை மாறுகிறது.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். 50 வருடம் கடந்த வண்டியாக இருக்க வேண்டும், பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். திரும்பப் பதிய 5,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் ஆகியவற்றுக்கு ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது, சம்பாதிக்கக் கூடாது.

ஆனால் இந்த மரியாதை சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிகளுக்கும் கார் வகை வண்டிகளுக்கும்தான். சரக்கு வண்டி வணிக வாகனம், ஆகவே கணக்கில் இல்லை. இதன் விபரீதத்தைப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே காலம், ஒரே இன்ஜின். பின்னால் சீட் இருந்தால் அது ஜீப், விண்டேஜ் ஆகலாம். பின்னால் டிரே இருந்தால் அது பிக்கப், ஆக முடியாது. சீட்டுக்கும் டிரேவுக்கும் நடுவில் பாரம்பரியம் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

பிக்கப் சரக்கு வண்டியாகவே இருக்கட்டும் என்றால், எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும் (இது ஃபிட்னஸ் எஃப்.சி., வண்டி எஃப்.சி. இல்லை!). 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி, 15 வருடம் தாண்டிய இலகு ரக வண்டிக்கு அந்தக் கட்டணத்தை 7,500 ரூபாய் என்று வைத்தது. அதற்குப் பிறகும் கட்டணம் உயர்த்தப்பட்டது. பழைய 7,500 கணக்கையே வைத்தாலும் பத்து வருடத்துக்கு 75,000. பளபளக்கும் ஜீப்புக்கு 20,000. களத்து ஓரத்துப் பிக்கப் மாதம் ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஓடினாலும் இதே 75,000-தான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாவது அட்டவணை, வாடகைக்கு ஓடாத லாரிக்கும் காருக்கும் 8 வருட ஆயுள் தருகிறது, வாடகை வண்டிக்கு 6. வருமான வரிக் கணக்கிலோ குறைந்து செல் மதிப்பு முறை. ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் போட்டால் 15 வருட முடிவில் சுமார் 8,700 ரூபாய் நிற்கும். வாடகை வண்டிக்கான 30 சதவீதம் போட்டால் சுமார் 475 ரூபாய்! ஆனாலும் இந்த முறையில் மதிப்பு ஒருநாளும் பூஜ்யத்தைத் தொடாது. கணக்குப் புத்தகம்கூடக் கடைசிவரை ஏதோ ஒரு மதிப்பை விட்டுவைக்கிறது. காரும் லாரியும் ஒரே வேகத்தில்தான் தேய்கின்றன, வாடகைக்கு ஓடினால்தான் வேகம் கூடுகிறது. ஐம்பது வருடம் கழித்துக் காருக்கு மட்டும் மதிப்பு ஏறி, பிக்கப்புக்கு மட்டும் இரும்பு விலை என்பது எந்தக் கணக்கு?

'பழைய வடிவம்' என்ற நிபந்தனையும் உழைத்த வண்டிக்கு எதிரானதுதான். வீட்டு ஷெட்டில் மூடி வைத்த காருக்கு அது கஷ்டமே இல்லை. ஆனால் பெட்ரோல் விலை ஏறிய பிறகு கிராமத்துப் பிக்கப்பும் ஜீப்பும் பிழைத்ததே டீசல் இன்ஜினுக்கு மாறியதால்தான். மகிந்திராவே டிராக்டருக்கு வந்த இன்டர்நேஷனல் இன்ஜினை ஜீப்பில் வைத்தது. 1979-ல் பிரான்சின் பூஜோவிடம் உரிமம் வாங்கி டீசல் இன்ஜின் செய்தது. வெளிப் பட்டறைகளில் மேட்டடார் இன்ஜின் ஏறிய ஜீப்புகளும் உண்டு. மாற்றாமல் இருந்தவை பல எப்போதோ எடைக்குப் போய்விட்டன. ரிப்பேர் செய்து உயிர்பிழைத்ததே குற்றம் என்றால், எது பாரம்பரியம்? வண்டியா, அதை ஓடவைத்த கைப்பக்குவமா?

இங்கிலாந்தில் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். அங்கே பழைய லாரி, வேன் பிரியர்களுக்கென்று 1958-லேயே ஒரு சங்கம் உண்டாகி, 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குச் சரக்கு வண்டிகளின் ஊர்வலம் நடத்தினார்கள். மாற்றம் செய்த வண்டி பழைய நம்பரைத் தக்கவைக்க அங்கே நீண்ட காலம் புள்ளி முறை இருந்தது. எட்டுப் புள்ளி வேண்டும். சேசிஸுக்கு ஐந்து, அச்சு, ஸ்டியரிங், சஸ்பென்ஷன், கியர் பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. இன்ஜினுக்கு எவ்வளவு தெரியுமா? ஒன்றே ஒன்று!

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பழைய இன்ஜின் கக்கும் புகைக்கும் 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியின் புகைக்கும் ஒப்பீடே கிடையாது. பிரேக்கும் அப்படித்தான். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் புது லாரிகளே திணறும்போது, ஒரு டன் ஏற்றிக்கொண்டு 1968 மாடல் இறங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாரம் ஏற்ற வேண்டாம். வாடகைக்கு ஓட வேண்டாம். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வைக்கட்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு மூன்றையும் இன்ஸ்பெக்டர் கறாராகவே பார்க்கட்டும். முறைப்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏறிய இன்ஜின் மாற்றத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, சரக்கு வண்டிக்கும் அந்த 'வி.ஏ.' நம்பரைக் கொடுத்தால் அரசுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. கட்டணம்தான் வரும்.

வண்டிகள் வரும் வழியும் அடைபட்டுவிட்டது. முன்பெல்லாம் அரசு ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய ஜீப்பும் பிக்கப்பும் ஏலத்துக்கு வரும், பட்டறைக்காரர்கள் எடுப்பார்கள். 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் கடந்த அரசு வண்டியின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, அங்கீகாரம் பெற்ற இடத்தில் உடைக்கத்தான் வேண்டும். இனி மிச்சம் இருப்பது வீடுகளில் நிற்பவை மட்டுமே. அவற்றைத் திறந்து மூடத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் வயதாகிறது. அவர்களுடைய பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் இப்படி ஒரு பிக்கப் வைத்திருப்பவர்கள் சட்டம் மாறும்வரை செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தொலைக்காதீர்கள், அது இல்லாமல் எதுவும் நடக்காது. சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் துரு தின்பதற்குள் சுத்தம் செய்து, போட்டோ எடுத்து, கிரீஸ் தடவி வையுங்கள். அப்பா காலத்தில் கழற்றிய பெட்ரோல் இன்ஜின் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடந்தால், அதைக் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.