தொண்டுக்கும் ரசீது உண்டு

நம் ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் ஒரு புதிய தொழில் நடந்து வருவதை வணிகப் பெருமக்கள் சிலர் கவனித்திருக்கலாம். இரண்டு மூன்று இளைஞர்கள், ஒரு மாடி அறை, நான்கு கம்ப்யூட்டர். பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் திருப்பணிக் குழுக்களுக்கும் ரத்ததானக் கழகங்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுக்கிறார்கள். பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறந்ததிலிருந்து கம்ப்யூட்டர் தொழில் என்றால் பெரிய கட்டடம், பெரிய கம்பெனி என்ற எண்ணம் நமக்கு. இவர்கள் அந்த ரகம் அல்ல. நம்மைப் போலவே வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிவிட்டு மாதக் கடைசியில் கல்லாவில் என்ன மிச்சம் என்று பார்க்கும் சிறு வியாபாரிகள். இவர்களை நம் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். அதைப் பிறகு பேசலாம்.

இப்போது சொல்ல வந்தது இவர்களுடைய கூலியைப் பற்றி. "தர்ம காரியம்தானே தம்பி, சும்மா செய்து கொடு" என்று இவர்களிடம் கேட்கிறோம். அறக்கட்டளைகளில் பொருளாளராக உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் நம்மில் ஒருவர்தான். அதனால்தான் 'கேட்கிறோம்' என்று எழுதுகிறோம். அன்னதானம் என்றால் சமையல்காரருக்குக் கூலி உண்டு. பந்தல்காரருக்கு, பாத்திர வாடகைக்கு, ஏன், வாழை இலைக்குக் கூடப் பணம் உண்டு. இணையதளம் போட்ட பையனுக்கு மட்டும் சால்வையும் ஒரு எலுமிச்சம்பழமும்!

சும்மா செய்த வேலை எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வந்ததும் அது ஓரமாகப் போகும். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆண்டு விழாப் படம் அப்படியே கிடக்கும். பதவி விலகிய செயலாளரின் போன் நம்பர் மாறாது. இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. இணையதளத்தின் பெயரை வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். செலவு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. நிர்வாகிகள் யாரும் அக்கறை காட்டாததால் பையன் தன் பெயரிலேயே, தன் ஈமெயிலிலேயே அதை வாங்கி வைத்திருப்பான். பெயர்ப் பலகை எழுதிய பெயிண்டர் பெயரில் கடை லைசென்ஸ் இருந்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். அவன் பெங்களூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் ஒருவர் கண்ணிலும் படாது. கெடு தாண்டினால் கொஞ்ச நாள் அவகாசம் கொடுப்பார்கள். அதுவும் போனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இப்படிக் கைவிட்ட பெயர்களை வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் போடுகிறவர்கள் உண்டு. ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்த விலாசத்தைப் பார்த்து நன்கொடை கொடுக்க வந்தவர் அங்கே சீட்டாட்டத்தைக் கண்டால் என்ன நினைப்பார்?

"தமிழுக்காக எத்தனையோ பேர் இலவசமாகச் செய்யவில்லையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றியது தன்னார்வலர்களைக் கொண்டுதான். அதை முன்னின்று நடத்திய முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் விஞ்ஞானியாக இருந்தவர். சோற்றுக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டு மிஞ்சிய நேரத்தைத் தமிழுக்குக் கொடுத்தார். போற்ற வேண்டிய காரியம். மாடி அறைத் தம்பிக்கோ இதுதான் சோறு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் இல்லை.

இலவச இடத்தை நம்பியவர்கள் கதையும் ஒன்று உண்டு. ஜியோசிட்டீஸ் என்ற நிறுவனம் உலகம் முழுவதும் சும்மா இடம் கொடுத்தது. லட்சக்கணக்கானவர்கள் அங்கே பக்கம் போட்டார்கள், தமிழர்கள் உட்பட. 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. வாடகை கொடுக்காதவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

இனி கணக்குக்கு வருவோம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்கு உட்பட்டால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பதிவு செய்த பெரிய நிறுவனம் என்றால் பில்லில் 18 சதவீதம் ஏறும். பதிவு இல்லாத அறக்கட்டளை அந்த வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே இந்த வேலைக்குச் சிறிய கடைதான் லாபம். அந்த லாபம் போதாது என்று கூலியையும் விழுங்கப் பார்ப்பது அடாது.

தள்ளுபடி கொடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நாமும் கோயில் காரியத்துக்கு விலை குறைத்துத்தானே கொடுக்கிறோம். முழு விலையைப் பில்லில் எழுதி, அதன் கீழே தள்ளுபடியை எழுதி, மிச்சத்தை வாங்க வேண்டும். பில்லிலேயே காட்டிய தள்ளுபடிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் பதிவு உள்ளவர்களுக்கும் இது தோதான முறை. (இந்தத் தள்ளுபடிக்கு வருமான வரிச் சலுகை கேட்க முடியாது. அது பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும். ரொக்கமென்றால் 2,000 ரூபாய் வரைதான்.) பில்லில் இருந்தால்தான் வேலையின் மதிப்பு இன்னது என்று நிர்வாகக் குழுவுக்கும் தெரியும். தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. கடன் நோட்டுக்கு நாம் ஓர் அளவு வைப்பது போல, தள்ளுபடி வேலை வருடத்துக்கு இத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் பேசிவிடுங்கள்.

நன்கொடை தருபவர்கள் பக்கமும் குறை இருக்கிறது. கட்டடம், மின்விசிறி என்றால் கல்வெட்டில் பெயர் வரும். இணையதளத்தைப் புதுப்பிக்கக் கொடுத்தால் வராது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்குகின்றன. அவர்களுடைய அதிகாரிகள் நேரில் வருமுன் முதலில் பார்ப்பது இணையதளத்தைத்தான். அது செத்துக் கிடந்தால் நம் பகுதி இல்லங்களுக்கு வர வேண்டிய உதவி வேறு ஊருக்குப் போகும்.

அறக்கட்டளைப் பொறுப்பில் இருக்கும் நம் உறுப்பினர்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேட்கட்டும். இணையதளப் பெயர் யார் பெயரில் இருக்கிறது? அதற்கு எந்தத் தேதியில் கெடு? பதிலை மினிட் புத்தகத்தில் எழுதி, பாஸ்வேர்டை உறையில் போட்டு பீரோவில் வைக்கட்டும். தம்பியின் பழைய பாக்கி இருந்தால் அன்றைக்கே செக் எழுதிவிடலாம்.