பழைய வழக்கு வேலைக்கு ஆப்பு வைக்குமா? பின்னணிச் சரிபார்ப்பில் எத்தனை வருஷம் பின்னோக்கிப் பார்க்கலாம்?

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. அடுத்தது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன். காலேஜ் படிக்கும்போது மறியலில் பதிவான எஃப்.ஐ.ஆர்., எப்போதோ அபராதம் கட்டி முடித்த வழக்கு எல்லாம் இப்போது வெளியே வருமா? "ஏழு வருஷம் தாண்டிட்டா கணக்கில் வராது" என்கிறார்கள் பலர். அது உண்மையா?

ஏழு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது?

அது அமெரிக்கச் சட்டம். அங்கே 1970-ல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, 7 ஆண்டுகளுக்கு மேல் பழைய கைது விவரங்களைச் சரிபார்ப்பு நிறுவனங்கள் பொதுவாக அறிக்கையில் சேர்க்கக் கூடாது. ஆனால் தண்டனை பெற்ற வழக்குகளுக்கு அந்தச் சட்டத்திலும் கால வரம்பு கிடையாது.

இந்தியாவில் என்ன நிலை?

இங்கே அப்படி ஒரு பொதுவான கால வரம்பே இல்லை. எத்தனை வருஷம் பார்ப்பது என்பதைத் தனியார் நிறுவனங்கள் தாங்களே முடிவு செய்கின்றன. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினாலே வழக்கு விவரங்கள் கிடைக்கும். விடுதலையான வழக்கும் அதில் இருக்கலாம்.

அரசு வேலை என்றால்?

இதில் முக்கியமானது, அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு. அதன் சாரம் இதுதான்:

• வழக்கை மறைத்தால் நியமனத்தை ரத்து செய்யலாம்.
• இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கு என்றால், மறைத்திருந்தாலும் அதிகாரிகள் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம்.
• உண்மையைச் சொன்னாலும் வேலை உறுதி இல்லை. பின்னணியைப் பரிசீலிக்கும் உரிமை அரசுக்கு உண்டு.
• படிவத்தில் குறிப்பாகக் கேட்டதை மட்டும் சொன்னால் போதும்.

போலீஸ் வேலைக்கு ஏன் கெடுபிடி?

தமிழ்நாடு காவலர் பணி விதிகள் இன்னும் கடுமையானவை. சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியாகி விடுதலையானாலும், அவர் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். 'கேஸ்தான் முடிஞ்சிடுச்சே' என்பது இங்கே எடுபடாது.

18 வயதுக்கு முன் நடந்தது என்றால்?

இங்கேதான் சட்டம் தெளிவாகக் கதவை மூடுகிறது. சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 24-வது பிரிவுப்படி, சிறார் வழக்கு பிற்காலத்தில் தகுதியிழப்புக்குக் காரணமாகக் கூடாது. 74-வது பிரிவுப்படி, வழக்கு முடிந்திருந்தால் நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் அந்த விவரத்தை வெளியிடக் கூடாது. ஒரே விதிவிலக்கு: 16 வயதைக் கடந்தவர் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டு, குற்றம் செய்ததாகக் குழந்தைகள் நீதிமன்றம் முடிவு செய்தால் 24-வது பிரிவின் பாதுகாப்பு கிடைக்காது.

என்ன செய்யலாம்?

படிவத்தில் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். 'தண்டனை பெற்றதுண்டா' என்பது வேறு, 'வழக்கு பதிவானதுண்டா' என்பது வேறு. தீர்ப்பு நகலைக் கையில் வைத்திருங்கள். பழைய எஃப்.ஐ.ஆர். என்ன ஆனது என்றே தெரியாவிட்டால், விண்ணப்பிக்கும் முன்பே சம்பந்தப்பட்ட காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ விசாரித்துவிடுவது நல்லது. பல பேருக்கு வேலை போவது பழைய வழக்கால் அல்ல, 'இல்லை' என்று போட்ட ஒரு டிக்கால்தான்.